பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவே இரண்டு சம்பந்திகள்

சம்பந்திகளைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் இருந்திருக்க வேண்டும். இல்லை. அதனால்தான் அந்த வாரம் முழுக்கக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

முதலில் வந்து சேர்ந்தவர் ஜுமாதில். அத்பாஷி ஊர்ச் சந்தையில் குதிரைத் தரகர். அவர் வாயைத் திறந்தால் பல்லுப் போன கிழட்டுக் குதிரைக்கும் பந்தயக் களை வந்துவிடும். அவருக்குப் பெருங்குடலில் கட்டி. பெகிமாய் டாக்டர் கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தாள்.

மறுநாள் அவரை நலம் விசாரிக்கச் சம்பந்தி துருஸ்பெக் வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார். நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒடம்பு எப்படி இருக்கு சம்பந்தி?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே வலியாம். சம்பந்தியைப் பார்க்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியேறி வந்திருக்கிறார். அன்றைக்கே அவர் வயிற்றையும் திறக்க வேண்டியதாகிவிட்டது. நலம் விசாரிக்க வந்தவரை நலம் விசாரிக்க அடுத்த நாள் அவர் ஊரே திரண்டு வந்தது.

இருவருக்கும் நடுவே ஜிபெக் நின்றாள். துருஸ்பெக்கின் மகள், ஜுமாதிலின் மருமகள். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாமா. சூப்பு கொண்டுவந்தால் யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் பாவம், இரண்டு கையிலும் இரண்டு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் நீட்டுவாள். பெண்ணைக் கொடுத்தவர்தான் எங்கள் பக்கத்தில் உசத்தி. வீட்டில் உயர்ந்த இடம் அவருக்கு, விருந்தில் ஆட்டுத் தலையும் அவருக்கு. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயர்ந்த இடம் எது?

பெகிமாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல பெண், நல்ல கை. வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பைத்தியம். குடலை அறுத்தால் வாரக்கணக்கில் பட்டினி போட்டு, அசையாமல் படுக்க வைப்பதுதான் எங்கள் வழக்கம். நர்ஸாக நானும் ஆயுசு பூராவும் அதைத்தான் செய்தேன். இவள் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டாள். அறுத்த அன்றே தண்ணீர். மறுநாளே சூப்பு. எழுந்து நடக்க வேண்டும். சுயிங்கம் மெல்ல வேண்டும்.

"சுயிங்கமா?" என்றேன் நான்.

"ஆமா ஸூரா அக்கா. மென்னா, சாப்பாடு வருதுன்னு நினைச்சுக் குடல் முழிச்சுக்கும்."

ஜுமாதில் கேட்டுக்கொண்டிருந்தார். "குடலையே ஏமாத்துறீங்களா? இதத்தானே நான் சந்தையில இவ்வளவு வருஷமா பண்றேன். எனக்கும் ஒரு வெள்ளக்கோட்டு குடுங்க."

அப்படித்தான் இரண்டு தாடிக்காரப் பெரியவர்கள், தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, எதிரெதிரே பார்த்துக்கொண்டு அசை போட்டார்கள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். சிரித்தால் என் மரியாதை என்ன ஆவது?

நடப்பதுதான் முக்கியம் என்றாள் பெகிமாய். படுத்தே கிடந்தால் குடல் தூங்கிவிடும், வயிறு உப்பும், வாந்தி வரும், கடைசியில் மறுபடி கத்தி. வலித்தால் எவனும் நடக்க மாட்டான். அதனால் வலியைத் தணிக்க வேண்டும். அதற்கு அவளிடம் ஓர் ஊசி இருந்தது. வயிற்றின் பக்கவாட்டுச் சதையில் போட்டால் தையல் போட்ட இடம் மரத்துப்போகும், தலை தெளிவாக இருக்கும். கையிருப்பு கொஞ்சம்தான். பெட்டியில் பூட்டிச் சாவியைப் பெரிய டாக்டர் தன் பையில் வைத்திருந்தார். நோயாளி தன் வாயால் ஆறுக்கு மேல் எண் சொன்னால்தான் சாவி வெளியே வரும்.

"வலி எவ்வளவு பெரியப்பா?" என்று பெகிமாய் ஜுமாதிலைக் கேட்டாள். "வலியே இல்லேன்னா பூஜ்யம். செத்துரலாம் போல இருந்தா பத்து."

ஜுமாதில் கடைக்கண்ணால் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"ரெண்டு," என்றார்.

"உங்களுக்கு சார்?"

துருஸ்பெக் கூரையைப் பார்த்தபடி, "ஒண்ணு," என்றார்.

சாயங்காலம் மறுபடி கேட்டாள். ஜுமாதில் ஒன்றுக்கு இறங்கினார். துருஸ்பெக் பூஜ்யம் என்றார். மறுநாள் காலையில் ஜுமாதில் யோசித்துவிட்டு, "பூஜ்யத்துக்குக் கீழ என்ன இருக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"கீழ மைனஸ் இருக்கு சம்பந்தி," என்றார் துருஸ்பெக். "எனக்கு அதான்."

"அப்ப ரெண்டு பேரும் எந்திரிச்சு நடங்க," என்றேன் நான்.

"விருந்தாளி முதல்ல நடக்கட்டும்," என்றார் ஜுமாதில். "சம்பந்தியைப் படுக்க வெச்சுட்டு நான் முன்னாடி நடந்தா ஊரு காறித் துப்பும்."

"வீட்டுக்காரர் வழி காட்டாம விருந்தாளி எப்படி நடக்கிறது?" என்றார் துருஸ்பெக்.

இப்படியே மாறி மாறி மரியாதை செய்துகொண்டு இருவரும் மரக்கட்டை மாதிரிக் கிடந்தார்கள். இரண்டு வயிறும் உப்பிக்கொண்டே வந்தன. "காத்துப் போச்சா?" என்று பெகிமாய் கேட்கும்போதெல்லாம், மருமகள் நிற்கிற இடத்தில் இதென்ன கேள்வி என்று இருவரும் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டார்கள். ஜிபெக் வாளியை எடுத்துக்கொண்டு ஓடியே போனாள்.

பெகிமாய் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"முகத்தப் பார்த்தாலே தெரியுது அக்கா. துடிக்கிறாங்க. பெரிய டாக்டர் கிட்ட சொன்னா, 'முகத்துக்கெல்லாம் நான் ஊசி குடுக்க மாட்டேன், நம்பர் கொண்டா'ங்கிறார். பொய் சொல்றவங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"உன் திட்டத்துல நம்பர் எதுக்கு வெச்சே? முனகினா ஊசின்னு வெச்சிருக்கலாம்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

"முனகவும் மாட்டேங்கிறாங்களே அக்கா."

அதுவும் சரிதான்.

மதியம் ஜுமாதிலுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரிச் சட்டையைப் போட மாட்டேன் என்று அடம் பிடித்து, தன் நீளக் கை வைத்த அங்கியையே மாட்டிக்கொண்டு கிடந்தார். பட்டையைக் கட்டுவதற்காக அங்கியின் கைக்குள் என் கையை விட்டேன். உள்ளே அவர் விரல்கள் என் விரல்களைப் பற்றின.

முதலில் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி. விட்டார். பிறகு நாலு விரலைச் சேர்த்து ஒரு பிடி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குதிரை வாங்கப் போய்க் கழுதையோடு திரும்பி வருகிற வீட்டுக்காரர் எனக்கு வாய்த்திருக்கிறார். அவரை நம்பிப் பணத்தை அனுப்ப முடியாமல் நானே சந்தைக்குப் போய் நின்றிருக்கிறேன். சந்தையில் வாய் சொல்லுகிற விலை சுற்றி நிற்கிறவர்களுக்கு. சட்டைக் கைக்குள் விரல் சொல்லுகிற விலைதான் விலை. அதில் எந்தத் தரகனும் பொய் சொல்ல மாட்டான், சொன்னால் அடுத்த வாரம் அவன் கையை ஒருவரும் தொட மாட்டார்கள்.

"ஒம்பதா?" என்று அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

அவர் சத்தமாக, "எனக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி, கல்லு மாதிரி இருக்கேன்," என்றார். விரல்கள் மட்டும் மறுபடி ஐந்தும் நாலுமாகப் பிடித்தன. இந்த முறை விடவில்லை. மனசு கேட்கவில்லை எனக்கு. இத்தனை நேரமும் ஒன்பதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் பூஜ்யத்துக்குக் கீழே கணக்குக் கேட்டார்?

பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் தலைநகரத்து ஆள், குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். "அங்கிக்குள்ள கையை விடுங்க," என்றேன். ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். ஜுமாதில் விரலைப் பிடித்ததும், "நல்லா இருக்கீங்களா, சந்தோஷம்," என்று குலுக்கிவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார்.

"குலுக்காதீங்க, எண்ணுங்க," என்றேன்.

எண்ணினார். புரிந்ததும் மனுஷனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏழு விரலைப் பிடித்துத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். ஜுமாதில் தலையை ஆட்டி ஒன்பதிலேயே நின்றார். டாக்டர் எட்டுக்கு வந்தார். ஜுமாதில் கண்ணை மூடிக்கொண்டார், பேரம் படியாது என்று அர்த்தம். கடைசியில் பெரிய டாக்டர் பையிலிருந்து சாவி வெளியே வந்தது. பக்கத்துக் கட்டிலில் துருஸ்பெக், டாக்டரும் சம்பந்தியும் இவ்வளவு நேரம் எதற்குக் கைகொடுக்கிறார்கள் என்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டுச் சற்று நேரத்தில் ஜுமாதில் எழுந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே, "வழி காட்டுறேன் சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரை போனார். அங்கே ஆளில்லாத இடத்தில் நின்று, "தங்கச்சி, நீ கொஞ்சம் முன்னாடி போ," என்றார். போனேன். காற்று போயிற்று. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒரு மனிதன் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அங்கிக்குள் கையை விட்டபோது மூன்று விரலைப் பிடித்தார், அதையும் லேசாக.

பெகிமாயிடம் போய், "உன் பைத்தியம் பலிக்குதுடி," என்றேன். அவ்வளவு சுலபமாக நான் ஒப்புக்கொள்கிறவள் இல்லை.

ஆனால் துருஸ்பெக்?

அவரிடமும் அதே வித்தையைக் காட்டலாம் என்று போர்வைக்குள் கையை விட்டேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? நான் என்ன ஆடா, தடவிப் பார்க்க?"

"விரல்ல சொல்லுங்க சார், ஒருத்தருக்கும் தெரியாது."

"வாயால ஒண்ணு, விரலால ஒண்ணு சொல்றது சந்தைக்காரங்க பழக்கம். எனக்கு ஒரே பதில்தான். பூஜ்யம்."

உதடு வெளுத்திருந்தது. வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது. சூப்பைக் குடித்தார், அப்படியே வெளியே வந்தது. நடக்கச் சொன்னால் ஒரு காலைக் கட்டிலிலிருந்து இறக்குவார், முகம் சாம்பலாகும், "கொஞ்சம் கழிச்சு" என்பார். போதாக்குறைக்கு அவருடைய பழைய மாணவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரோரமாக வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருத்தனும் பெரிய பெரிய வேலையில் இருக்கிறவன். அடி வாங்கி அழுத பையனுக்கு, அழுததற்காக இன்னொன்று கொடுத்தவராம் அவர். அதைச் சொல்லிச் சொல்லி ஆசையாகச் சிரித்தார்கள். இவர்கள் முன்னால் அந்த மனிதர் எப்படி வாயைத் திறப்பார்?

பெரிய டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து ஜிபெக்கிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். நடக்கலேன்னா மூக்கு வழியா குழாய். அதுக்கும் வயிறு இறங்கலேன்னா மறுபடி திறந்து பார்க்கணும். அவர் இருதயம் இருக்கிற நிலைமையில ரெண்டாவது தடவை மயக்க மருந்து குடுக்க எனக்கே பயமா இருக்கும்மா."

"ஊசி போடுங்களேன் டாக்டர்," என்றாள் ஜிபெக்.

"பூஜ்யம்னு சொல்றவருக்கு எதுக்கு ஊசி? நேத்து ஒருத்தர் விரலுக்காகப் பெட்டியத் திறந்தேன். இன்னிக்கு ஒருத்தர் மகளுக்காகத் திறக்கச் சொல்றியா?"

ஜிபெக் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அப்பாவிடம் போய்க் கேட்டால் வாயை மூடு என்பார். அவள் அழுததை, நடை பழகிக்கொண்டு வந்த ஜுமாதில் பார்த்தார். என்னவென்று மருமகளைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். சொன்னேன்.

"அப்படியா," என்றார். தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வரும்போது நடந்த நடையில் பாதி வேகத்தில், காலை இழுத்து இழுத்து வார்டுக்குள் போனார். எனக்கு உடனே சந்தேகம். இப்போதுதானே ஜம்மென்று வந்தார்?

உள்ளே மாணவர்கள் வழி விட்டார்கள். சம்பந்தியின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் காலடியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா," என்று பெகிமாயைக் கூப்பிட்டார். "என் நம்பரை மாத்துங்க."

"என்ன பெரியப்பா?"

"பத்து."

மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து," என்றார் மறுபடியும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அறுத்த நாள்லேர்ந்து பத்துதான். ரெண்டு, ஒண்ணுன்னு வாய்க்கு வந்தபடி அளந்துட்டேன். சம்பந்தி பக்கத்துல படுத்திருக்கார், என்ன நினைப்பாரோன்னு வெக்கம். போர்வையக் கடிச்சுக்கிட்டு அழுதேன். மருமக முன்னாடியே சொல்றேன், அழுதேன்." பிறகு துருஸ்பெக்கின் காலைத் தொட்டார். "நீங்க பெரிய ஆளு சம்பந்தி. உங்க நெஞ்சுரம் எனக்கு வராது. என்னால முடியல."

காலையில் என் மூன்று விரலை மட்டும் பிடித்த மனிதர் இவர். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சந்தையில் பேரம் முடிகிற நேரத்தில் நடுவே வந்து பேசுகிறவனைத் தரகர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். மூடிக்கொண்டேன்.

துருஸ்பெக் சம்பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரமிருந்த மாணவர்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

"பத்தா சம்பந்தி?" என்றார்.

"பத்து சம்பந்தி."

"பத்துன்னா ரொம்ப அதிகமாச்சே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு அவ்வளவெல்லாம் இருக்காது."

"எவ்வளவுப்பா இருக்கும்?" என்றாள் ஜிபெக், மூச்சு விடாமல்.

அவர் கணக்குப் போடுகிற மாதிரிக் கூரையைப் பார்த்தார்.

"ஒம்பது," என்றார். "ஒம்பதுதான். அதுக்கு மேல இல்ல."

பெகிமாய் பெரிய டாக்டரைத் தேடி ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடந்தது. ஜிபெக் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமாவைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுதாள். மாணவர்களில் ஒருத்தன், மாவட்ட அலுவலகத்தில் பெரிய ஆள், "ஒம்பதை வெச்சுக்கிட்டு எங்ககிட்ட கணக்கு கேட்டீங்களே சார்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கும்பலை அப்போதுதான் நான் வெளியே விரட்டினேன். முன்பே விரட்டியிருக்க வேண்டும்.

ஊசி போட்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் துருஸ்பெக் இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். ஒரு கை மகள் தோளில், ஒரு கை பெகிமாய் தோளில். பெரிய டாக்டர் வாசலில் நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடக்க ஆரம்பித்த துருஸ்பெக், ஜுமாதிலின் கட்டிலருகே வந்ததும் நின்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க சம்பந்தி," என்றார் பெரிய மனது பண்ணி. "மெள்ள மெள்ளப் பழகிடும். நானும் ஒம்பதுல இருந்தவன்தானே. அவசரப்பட்டு எந்திரிக்காதீங்க, விழுந்துருவீங்க."

"நீங்க சொன்னா சரி சம்பந்தி," என்று ஜுமாதில் முனகினார். ரொம்பவும் உருக்கமான முனகல்.

அவர்கள் வராந்தாவுக்குப் போனார்கள். வழியெல்லாம் துருஸ்பெக் எப்படி மூச்சு விட வேண்டும் என்று டாக்டருக்கே பாடம் எடுத்துக்கொண்டு போவது கேட்டது. வராந்தாவின் கோடியில் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னாடி போங்க," என்று அவர் சொன்னதும் கேட்டது. நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ஜிபெக் வராந்தாவிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள். மருமகள் மாமனார் காதுபடச் சிரிக்கக் கூடாதுதான். சிரிக்கட்டும்.

"தங்கச்சி," என்று ஜுமாதில் ரகசியமாகக் கூப்பிட்டார். "அவர் திரும்பி வர்றாரா பாரு. படுத்துப் படுத்து முதுகு வலிக்குது. ஒரு நடை நடந்துட்டு வந்துர்றேன்."

எட்டிப் பார்த்தேன். துருஸ்பெக் இன்னொரு சுற்றுக்குத் தயாராகித் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"வர்றார், படுங்க," என்றேன்.

போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முனக ஆரம்பித்தார்.